வேலி பயிரை மேய்ந்த கதை

வேலியே பயிரை மேய்தல் என்பது பழமொழி. இளம்பிள்ளைகளைப் பெரிதும் பற்றும் முதலாம் வகை நீரிழிவின் வரலாறு, அப்பழமொழிக்குத் தக்கதோர் உரையாகும்.

1869 ஆம் ஆண்டிற் பேர்ளின் நகரில் மருத்துவம் பயின்ற போல் லாங்கர்ஹான்ஸ் என்னும் மாணவர், சதையியினுள்ளே தீவுகள்போற் சிதறிக்கிடந்த சிறு கலக்கூட்டங்களைக் கண்டார். அவற்றின் தொழில் யாதென அவர் அறிந்திலர். 1889 இல் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் மின்கோவ்ஸ்கியும் வொன் மேரிங்கும் நாயொன்றின் சதையியை அகற்றினர். அந்நாய்க்கு நீரிழிவு கண்டது. 1922 சனவரியில், கனடாவின் ரொறன்ரோ நகரில் பான்ரிங்கும் அவர்தம் துணைவரும் பிரித்தெடுத்த இன்சுலின், சாகும் நிலையிலிருந்த 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு ஏற்றப்பட்டது. சிறுவன் பிழைத்தான்.

உயிர் காக்கும் மருந்து கிடைத்தது. ஆயின், இன்சுலினைச் சுரக்கும் அச்சிறுதீவுகளை அழித்தது எது என்னும் வினா எஞ்சி நின்றது.

1965 இல் பெல்ஜிய நாட்டு ஆய்வாளர் வில்லி கெப்ற்ஸ், நோய் தோன்றிச் சின்னாளில் இறந்த இளைஞரின் சதையிகளை ஆராய்ந்தார். பலருடைய சிறுதீவுகளில் வெண்குருதிக் கலங்கள் குழுமியிருந்தன. கிருமிகளை எதிர்க்க வேண்டிய காவலர் அங்கு வந்தது ஏன்? 1974 இல் இலண்டன் ஆய்வாளர், சில நோயாளரின் குருதியிற் சிறுதீவுகளுக்கு எதிரான பிறபொருளெதிரிகளைக் கண்டனர். உடல் தன்னையே தாக்குகின்றது என்பது தெளிவாயிற்று.

காவலர் மயங்குவதேன்? நம் கலங்களின் மேற்பரப்பிலுள்ள எச்.எல்.ஏ. புரதங்கள், கிருமிகளின் துணுக்குகளை ஏந்திக் காவற்கலங்களுக்குக் காட்டுவன. அவற்றை ஆக்கும் பரம்பரையலகுகள் ஆளுக்காள் வேறுபடும். அத்தகைய புரதமொன்றின் 57 ஆம் இடத்து அமினோவமிலம் மாறுபடுவது, ஐரோப்பிய வழியினரிடத்து இந்நோயோடு தொடர்புடையதென 1987 இல் அறியப்பட்டது. காவற்கலத்தினுள்ளே செல்லும் சமிக்ஞையைத் தணிக்கின்ற வேறொரு புரதத்தின் பரம்பரையலகில் நேரும் ஒரேயோர் எழுத்து மாற்றமும் நோய்க்கு வழிகோலுமென 2004 இல் வெளியாயிற்று. காட்டும் கையும் தணிக்கும் கடிவாளமும் சற்றே பிறழின், காவல் பகையாகின்றது.

எனினும் பரம்பரை ஒன்றே விதியன்று. ஒரே கருவிற் பிறந்த இரட்டையருள் ஒருவருக்கு இந்நோய் வந்தும் மற்றவருக்கு வராதிருத்தல் உண்டு. சூழலுக்கும் இதிற் பங்குண்டு.

இவ்வறிவு வீண்போகவில்லை. காவற்கலங்களின் சீற்றத்தைத் தணிக்கும் தெப்லிசுமாப் என்னும் மருந்து, நோய் தலைகாட்டுவதை ஏறக்குறைய இரண்டாண்டுகள் தாழ்த்தியதைக் கண்டு, 2022 இல் அமெரிக்க அரசு அதற்கு அனுமதி வழங்கியது.

இனிப்பு மிகுதியாக உண்டதனாற் குழந்தைக்கு இந்நோய் வந்ததென்று தாயைப் பழிப்போர் உளர். அப்பழி தாய்க்கும் உரியதன்று, சேய்க்கும் உரியதன்று. நூறாண்டு ஆராய்ச்சி அவ்விருவர்க்கும் அளித்த தீர்ப்பு இதுவேயாம்.