சமாதி இல்லாத தர்ஹா: கல்முனைக் கடற்கரைப்பள்ளியின் கதை

கிழக்கின் வணக்கத்தலங்களைப் பற்றி எழுத உட்காரும்போதெல்லாம் 1990ஆம் ஆண்டு குறுக்கே வந்துவிடுகிறது. அந்த ஆண்டு ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் விடுதலைப் புலிகளால் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். ஒன்பது நாட்களின் பின், சம்மாந்துறைக்கு அருகே வீரமுனைப் பிள்ளையார் கோயிலில் தஞ்சமடைந்திருந்த தமிழர்கள் ஊர்காவல் படையினரால் கொல்லப்பட்டார்கள். எங்கள் தலைமுறைக்குப் பள்ளியும் கோயிலும் அறிமுகமானதே இப்படிப்பட்ட செய்திகளின் வழியாகத்தான். ஆனால் இந்தக் கரையின் வணக்கத்தலங்களுக்குப் போருக்கு முந்திய நீண்ட கதை ஒன்று உண்டு. அதைத் தேடினால் கல்முனைக்குடியில் கடலோரம் நிற்கும் கடற்கரைப்பள்ளிக்கு வந்து சேரலாம்.

இதன் முழுப்பெயர் நாகூர் ஆண்டகை தர்ஹா ஷரீப். தர்ஹா என்றால் ஓர் இறைநேசர் அடங்கியிருக்கும் இடம் என்பதே பொதுவான எண்ணம். இங்கே அப்படி எவரும் அடங்கியிருக்கவில்லை. எவர் பெயரால் இது எழுந்ததோ அந்த ஷாஹுல் ஹமீத் வலியுல்லாஹ், 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்து, கடலுக்கு அப்பால் தமிழகத்தின் நாகூரில் அடக்கமானவர். நாகூர் தர்காவின் 131 அடி உயரப் பெரிய மினாராவைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

நாகூராரின் பெயர் கரைகடந்து பரவியது மரக்கலங்களால்தான். நடுக்கடலில் ஓட்டை விழுந்த கப்பலை, கையிலிருந்த கண்ணாடியை எறிந்து அடைத்துக் காப்பாற்றினார் என்பது அவரைப் பற்றி வழங்கிவரும் கதை. பாய்மரத்தை நம்பிப் போனவர்களுக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் என்ன இருக்க முடியும்? அவர்கள் கரையிறங்கிய ஊர்களில் அவர் பெயரால் நினைவிடம் எழுப்பினார்கள். பினாங்கில் ஒன்று உண்டு. சிங்கப்பூரின் தெலுக் ஆயர் வீதியில் 1828 முதல் 1830 வரை கட்டப்பட்டது இன்னொன்று. கல்முனையும் அந்த வரிசையில் வருவதுதான். இங்குள்ள கொடியேற்றங்களின் எண்ணிக்கை அண்மைய ஆண்டுகளில் 200ஐக் கடந்துவிட்டது. அந்தக் கணக்கின்படி சிங்கப்பூர்த் தர்காவுக்கும் இதற்கும் ஏறத்தாழ ஒரே வயது.

ஆண்டுதோறும் ஜமாதுல் ஆகிர் மாதத் தொடக்கத்தில் மினாராவில் கொடி ஏறுகிறது. 12 நாட்கள் மௌலித் ஓதப்படுகிறது. கந்தூரிச் சோற்றோடு விழா நிறைவுபெறுகிறது. கொடியேற்றித் திருவிழா தொடங்கும் முறை அயலிலுள்ள தமிழருக்குப் புதியதல்ல. நேர்ச்சையோடு இங்கு வந்து போகும் இந்துக்களும் இருந்திருக்கிறார்கள். உறவு இதோடு முடிவதுமில்லை. தாய்வழி வரும் 'குடி' முறை இந்தக் கரையின் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவானது. குடிகளின் சார்பில் கோயிலில் வண்ணக்கர் இருப்பதுபோல, பள்ளிவாசலில் மரைக்காயர் இருந்தார். இரண்டு சமயங்களையும் ஒரே சமூக அமைப்பு தாங்கியிருந்தது.

2004 டிசெம்பர் 26இல் கடல் இந்த ஊருக்குள் புகுந்தது. இலங்கையில் அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. 10,000 பேருக்கும் மேல். கடலோர வீடுகள் வரிசை வரிசையாக அழிந்தன. கடற்கரைப்பள்ளியும் சேதமடைந்தது, ஆனாலும் விழவில்லை. பின்னர் அரசு கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றர் வரை வீடு கட்டக்கூடாது என அறிவித்தது. ஒருபுறம் கடலும் மறுபுறம் வயலுமாக நெருங்கி வாழ்ந்த ஊருக்கு அது இரண்டாவது அடி. பிறகு அந்த எல்லை தளர்த்தப்பட்டது. ஆனால் கரையிலிருந்து பெயர்ந்தவர்கள் எல்லோரும் திரும்பி வரவில்லை.

இப்போது கேள்வி வேறு பக்கத்திலிருந்து வருகிறது. இறைநேசர்களின் பெயரால் கொடியும் கந்தூரியும் மார்க்கத்துக்கு முரண் என்று வாதிடும் முஸ்லிம்கள் இருக்கிறார்கள். இது எங்கள் மூதாதையர் விட்டுச்சென்ற வழி என்பவர்களும் இருக்கிறார்கள். அந்த வாதத்தில் தீர்ப்புச் சொல்வது என் வேலையல்ல. ஆனால் ஒரு வழக்கம் சரியா தவறா என்பது ஒன்று, அது நடந்தது என்ற பதிவு இன்னொன்று. முதலாவதைப் பற்றிய சண்டையில் இரண்டாவது தொலைந்துவிடக் கூடாது.

கல்முனையில் இன்று தமிழரும் முஸ்லிம்களும் பிரதேச செயலகத்தின் எல்லைக்காக முரண்பட்டு நிற்கிறார்கள். 2019இல் அது உண்ணாவிரதம் வரை போனது. எல்லைகளைக் கேட்கும் இரு தரப்பும் தத்தம் வரலாற்றைத் தனித்தனியாகவே எழுதுகின்றன. கடற்கரைப்பள்ளியின் வரலாற்றை அப்படிப் பிரித்து எழுத முடியாது. நேர்ச்சைக்கு வந்தவர்கள், மரைக்காயராக இருந்தவர்கள், சுனாமிக்கு முந்திய கந்தூரியைக் கண்டவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். இரண்டு சமூகத்து மூத்தவர்களிடமும் கேட்டு எழுதிவைக்க வேண்டிய காலம் இது. கொலைகளை ஆவணமாக்கிய நாம், சேர்ந்து வாழ்ந்ததையும் ஆவணமாக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.