சேற்றை உழுகிற மட்டி

பொங்கலுக்கு முன்னால் கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றி வீட்டுக்கு வெள்ளையடித்த காலத்தைப் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்த பழைய மாணவர் ஒருவர், "ஐயா, கிளிஞ்சல் என்பது செத்த ஓடுதானே? உயிரோடு இருக்கையில் அது என்ன வேலை செய்யும்?" என்று கேட்டிருந்தார். நல்ல கேள்வி. வகுப்பில் யாரும் இதைக் கேட்டதில்லை, நானும் சொல்லிக் கொடுத்ததில்லை.

கம்பத்திலிருந்து குமுளி ஏறி, கோட்டயம் இறங்கி, குமரகம் போனால் வேம்பநாட்டுக் காயல். நம் பள்ளத்தாக்குக்காரர்கள் உயிருள்ள மட்டியைப் பார்ப்பதற்கு வசதியான இடம் அதுதான். அங்கே கிடைப்பது கறுப்பு மட்டி. அறிவியல் பெயர் வில்லோரிட்டா சைப்ரினாய்டஸ். மலையாளத்தில் கக்கா என்பார்கள் (நம் ஊர்ப் பிள்ளைகள் கேட்டால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்). காயலின் அடிமண்ணில் சில அங்குல ஆழத்தில் புதைந்து கிடக்கும்.

அது புதைகிற விதத்தைச் சொல்ல வேண்டும். மட்டிக்குக் கால் ஒன்றே ஒன்று, பார்க்க நாக்கு மாதிரி இருக்கும். அதை மண்ணுக்குள் நீட்டும். பிறகு ஓட்டைச் சட்டென்று மூடும். உள்ளே இருந்த தண்ணீர் பீய்ச்சியடித்துச் சுற்றியுள்ள மணலை இளக்கும். அதே நேரத்தில் காலின் நுனிக்குள் இரத்தம் பாய்ந்து உப்பி, நங்கூரம் போலப் பிடித்துக்கொள்ளும். பிறகு தசையைச் சுருக்கி ஓட்டைக் கீழே இழுக்கும். இப்படி நாலைந்து முறை செய்தால் ஆள் மறைந்துவிடும். மேலே தெரிவது இரண்டு சிறு குழாய்களின் வாய் மட்டும். ஒன்றில் தண்ணீர் உள்ளே போகும், மற்றொன்றில் வெளியே வரும்.

இதனால் மண்ணுக்கு என்ன ஆகிறது? நம் வயலில் நாற்று நடக் கால் வைத்தவர்களுக்குத் தெரியும். சேறு மேலே பழுப்பாக இருக்கும். கிளறினால் உள்ளே கறுப்பு, அழுகிய முட்டை நாற்றம். காற்று போகாத மண் அது. காயலின் அடியும் அப்படித்தான். மட்டி ஏறி இறங்கிப் புரளும்போது மேல் தண்ணீரும் அதில் கரைந்த ஆக்சிஜனும் உள்ளே போகின்றன. அங்கே புதைந்த சத்து மறுபடி தண்ணீருக்கு வருகிறது. இன்னொரு பக்கம், கலங்கல் தண்ணீரை வடிகட்டிப் பாசியைத் தின்றுவிட்டு, வேண்டாத தூளைச் சளியோடு உருட்டி அடியில் போடுகிறது. மிதக்கிற வண்டல் கீழே படிகிறது, தண்ணீர் தெளிகிறது. சில இடங்களில் இதே புரட்டல் மண்ணை இளக்கி, நீரோட்டம் அரித்துக்கொண்டு போகவும் வழி செய்யும். உழவு என்றால் இரண்டும் உண்டுதானே.

உழவு என்ற சொல்லை நான் உவமைக்காகப் போடவில்லை. டார்வின் 1881ல் எழுதிய கடைசிப் புத்தகம் மண்புழுக்களைப் பற்றியது. கலப்பைக்கு முன்னாலேயே நிலத்தை உழுதவை அவை என்று காட்டினார். கடலில் இந்தக் கதை இன்னும் பழையது. சுமார் 54 கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை கடலடி பெரும்பாலும் நுண்ணுயிர்ப் பாய் விரித்துக் கிடந்தது. புழு போன்ற உயிர்கள் அதைத் துளைத்துக் கீழே இறங்கியதும் கடலடியே மாறிப்போனது. நிலவியலாளர்கள் அந்த மாற்றத்துக்கு வேளாண் புரட்சி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். குழாய் வைத்த மட்டிகள் வெகுகாலம் கழித்து வந்து அந்த வேலையில் சேர்ந்துகொண்டன.

இனி வேம்பநாட்டுக்கு வருவோம். அங்கே மட்டி இரண்டு வகை என்பார்கள். உயிருள்ளது கறுப்பு. பல தலைமுறைகளாகச் செத்து அடிமண்ணுக்குள் படிந்த ஓடு வெள்ளை. 1946ல் நிறுவப்பட்ட திருவாங்கூர் சிமென்ட் ஆலை இந்த வெள்ளை ஓட்டைக் காயலிலிருந்து தோண்டியெடுத்துத்தான் வெள்ளைச் சிமென்ட் தயாரித்தது. சுண்ணாம்புக் காளவாய்களுக்கும் ஓடு போனது. எந்திரம் வைத்து அடியைத் தோண்டினால் வண்டல் கலங்கி எழும்; அது படிகிற இடத்தில் இருக்கும் மட்டிக்கு மூச்சு முட்டும்.

அதைவிடப் பெரிய மாற்றம் தண்ணீர்முக்கம் தடுப்பணை. கடல் மட்டத்துக்கும் கீழே இருக்கும் குட்டநாட்டு வயலில் உப்பு ஏறாமலிருக்க, 1970களின் நடுவில் அது செயலுக்கு வந்தது. டிசம்பர் நடுவில் மூடி மார்ச் நடுவில் திறப்பதுதான் ஏற்பாடு. பல ஆண்டுகள் அது தள்ளிப்போகும். கறுப்பு மட்டி நன்னீரில் உயிரோடு இருக்கும், ஆனால் இனம் பெருகக் கொஞ்சம் உப்பு வேண்டும். அணைக்குத் தெற்கே அது குறைந்துபோனது. 1976ல் இடுக்கி மின் திட்டம் வந்ததும், மூலமற்றத்தில் மின்சாரம் எடுத்துவிட்டு வருகிற பெரியாற்றுத் தண்ணீர் மூவாற்றுப்புழை வழியாக இதே காயலுக்குத் திரும்பியது. அதுவும் நன்னீர்தான்.

இதைப் படித்து, "நெல்லுக்காக மட்டியைக் கெடுத்தார்கள்" என்று யாரும் சுலபமாகத் தீர்ப்பு எழுத வேண்டாம். 1895ல் பென்னிகுக் கட்டிய முல்லைப்பெரியாறு அணை, மேற்கே கொச்சிக் காயலுக்குப் போக வேண்டிய தண்ணீரைத்தான் நம் பக்கம் திருப்பியது. நாம் இருபோகம் விளைவித்துச் சாப்பிட்டது அந்தத் தண்ணீரில். அணையை நான் குறை சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் இந்தப் பள்ளத்தாக்கில் பாதிப் பேர் பிழைப்புத் தேடி எங்கேயோ போயிருப்போம். ஆனால் ஆற்றின் அந்தக் கோடியில், உப்பும் நன்னீரும் கலக்கும் அளவை நம்பிச் சேற்றுக்குள் ஓர் உயிர் இருக்கிறது என்பதை நாற்பது வருடம் பாடம் நடத்தியவனாகிய நான் நினைத்துப் பார்த்ததில்லை.

கொச்சியில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் ஒரு வழி செய்து பார்த்திருக்கிறது. குஞ்சு மட்டி நெருக்கமாகக் கிடக்கும் இடத்திலிருந்து அள்ளி, காலியாகிப்போன அடிமண்ணில் கொண்டுபோய் விதைக்கிறார்கள். நாற்றங்காலில் பறித்து வயலில் நடுவது போலத்தான். அடுத்த முறை குமரகம் போகிறவர்கள் படகு வீட்டில் படம் எடுத்த கையோடு, கரையில் மட்டி அவித்து ஓடு பிரிக்கிற பெண்களிடமும் கொஞ்சம் பேசிவிட்டு வாருங்கள். இந்த வருடம் ஷட்டர் எப்போது திறந்தார்கள் என்று கேளுங்கள்.