உடல் கடிகாரம்
உறக்கத்தையும் விழிப்பையும் ஏறத்தாழ 24 மணி நேரச் சுழற்சியில் நடத்தும் உள்ளமைப்பு. மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட இரட்டை முடிச்சே இதன் தலைமையகம். கண்ணில் படும் ஒளி அதைத் தினமும் திருத்தி வைக்கிறது. இருட்டியதும் பீனியல் சுரப்பி மெலடோனின் சுரக்கிறது. பழ ஈக்களில் இதன் மரபணு இயக்கத்தைக் கண்டறிந்த மூவர் 2017இல் நோபல் பரிசு பெற்றனர்.

தமிழகத்தில் இத்துறையை வளர்த்தவர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் எம். கே. சந்திரசேகரன். குகை வௌவால்களை ஆராய்ந்த அவரது குழு மனிதருக்காகவும் வளாகத்திலேயே ஒரு தனிமைக்கூடம் அமைத்தது. கடிகாரம், செய்தித்தாள், சூரியன் எதுவும் எட்டாத அங்கே தங்கியவர்கள் தோன்றியபோது விளக்கணைத்துப் படுத்தார்கள். சிலருக்கு ‘ஒரு நாள்’ ஏறக்குறைய இரண்டு நாள் அளவுக்கு நீண்டதும் உண்டு.

வாலாஜாபேட்டையை ஒட்டிய ராணிப்பேட்டை சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்து, காலை வெயிலில் பைக்கில் வீடு திரும்புபவருக்கு அந்த வசதி இல்லை. முகத்தில் அடிக்கும் வெளிச்சமே மெலடோனினை அடக்கிவிடும். உடல் சூடு ஏறும் நேரம் வேறு. எவ்வளவு அசதி என்றாலும் தூக்கம் பாதியில் கலையும். வாராவாரம் ஷிப்ட் மாற்றுவது இன்னும் மோசம்: உள்கடிகாரம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரமே நகரும், அது பழகுவதற்குள் அடுத்த அட்டவணை வந்துவிடும்.