மூன்று சொல் ஸ்டிக்கர்: ஹம்பக்கர் பிக்கப்பும் அதன் மாற்றுகளும்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரில் இயங்கிய கிப்சன் தொழிற்சாலை, 1950களின் இறுதியில் தான் செய்த மின்கிட்டார்களின் பிக்கப்புகளுக்கு அடியில் ஒரு சிறிய கறுப்பு ஸ்டிக்கரை ஒட்டி அனுப்பியது. அதில் பொன்னிற எழுத்துகளில் இருந்தவை மூன்றே ஆங்கிலச் சொற்கள்: 'பேட்டன்ட் அப்ளைட் ஃபார்'. காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது என்பது அவற்றின் பொருள். கிட்டாரைப் பிரித்தாலன்றி எவர் கண்ணிலும் படாத இந்தச் சட்ட அறிவிப்பின் முதலெழுத்துகளே இன்று 'பி.ஏ.எஃப்.' என்று உலகெங்கும் ஒலிக்கின்றன. பழைய பிக்கப்பைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்த நினைக்கும் கிட்டார் கலைஞர் முதலில் எதிர்கொள்வதும் இந்தப் பெயரைத்தான். அசல் பி.ஏ.எஃப். போன்றது, அதைவிட வலியது, அதைவிடத் தெளிவானது என்று சந்தையில் உள்ள மாற்றுகள் பலவும் அதை வைத்தே தம்மை அறிமுகப்படுத்திக்கொள்கின்றன. அளவுகோலாக நிற்கும் அந்த அசல் உண்மையில் எத்தகையது என்ற கேள்விக்கு வரலாறு தரும் விடை சற்று வியப்பானது.

பிக்கப் என்பது காந்தத்தைச் சூழ்ந்த கம்பிச்சுருள். எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது. அந்த மாற்றம் சுருளில் மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. ஆனால் சுருளுக்குத் தந்தியையும் அறையிலுள்ள மின்மாற்றியையும் பிரித்தறியத் தெரியாது. மின்விநியோகத்தின் அலைவையும் அது ஏற்றுக்கொள்கிறது. அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ், இந்தியாவில் 50 ஹெர்ட்ஸ் என்னும் அந்த அலைவுதான் ஆம்ப்ளிஃபயரில் ஓயாத இரைச்சலாகக் கேட்கிறது. ஒற்றைச் சுருள் பிக்கப்புகள் அனைத்துக்கும் இது பிறவிக் குறை.

இரைச்சலைப் போக்கும் வழி கிட்டார் உலகில் தோன்றியதன்று. எலெக்ட்ரோ-வாய்ஸ் நிறுவனம் 1934இலேயே ஒலிவாங்கிகளில் இதற்கான சுருளை அமைத்திருந்தது. கிப்சனில் பணியாற்றிய பொறியாளர் செத் லவர், ஆம்ப்ளிஃபயர்களில் இரைச்சலை அடக்கப் பயன்பட்ட சோக் சுருளின் கோட்பாட்டைப் பிக்கப்புக்குக் கொண்டுவந்தார். இரண்டு சுருள்களை அருகருகே வைத்து, மின்னோட்டத் திசையில் ஒன்றுக்கொன்று எதிராக இணைத்து, காந்தத்தின் வடமுனையை ஒன்றுக்கும் தென்முனையை மற்றொன்றுக்கும் அளித்தார். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரு சுருள்களிலும் எதிரெதிராகப் பிறந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தந்தியின் ஒலிக்கோ திசையும் முனையும் சேர்ந்தே மாறியிருப்பதால், அது அழியாமல் கூடும்.

'ஹம்' என்பது ரீங்காரம். 'பக்' என்பது எதிர்த்து நிற்றல். ஆக, ஹம்பக்கர் என்பது செய்யும் தொழிலால் வந்த காரணப்பெயர். பி.ஏ.எஃப். அப்படிப்பட்டதன்று. ஒட்டப்பட்ட அறிவிப்பு, ஒட்டப்பட்ட பொருளுக்கே பெயராகி நிற்கிறது. தமிழ் இலக்கணத்தார் இதனை ஆகுபெயர் என்பர். காரணப்பெயர் பொருளின் இயல்பைச் சொல்லிவிடும், பி.ஏ.எஃப். என்ற எழுத்துகளோ அந்தப் பிக்கப்பின் காந்தத்தையோ சுருளையோ ஒலியையோ பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

லவரின் விண்ணப்பம் 1955 ஜூன் 22 அன்று தாக்கலானது. காப்புரிமை கிடைத்தது 1959 ஜூலை 28 அன்று, எண் 2,896,491. இடைப்பட்ட காலத்தில், 1957இல், புதிய பிக்கப் லெஸ் பால் கிட்டார்களில் இடம்பெற்றது. உரிமை கிடைத்த பின்னரும் பழைய ஸ்டிக்கரே 1962 வாக்கில் வரை ஒட்டப்பட்டது. அதன்பின் வந்த ஸ்டிக்கரில் எண் அச்சிடப்பட்டது. ஆனால் அந்த எண் 2,737,842. அது பிக்கப்புக்குரியதே அன்று. லெஸ் பால் வடிவமைத்த, தந்திகளை உடற்பகுதியில் பிணைக்கும் உறுப்புக்கு உரியது. போலி செய்வோர் காப்புரிமை ஆவணத்தை வரவழைத்துப் பார்த்து ஏமாறட்டும் என்றே அவ்வாறு செய்தார்கள் என்று சேகரிப்பாளர்கள் சொல்வதுண்டு. காரணம் எதுவாயினும், முதல் ஸ்டிக்கர் பொருளைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. இரண்டாவது ஸ்டிக்கர் வேறொரு பொருளைச் சொன்னது.

ஸ்டிக்கருக்கு மேலே இருந்த பொருளோ சீரானதாக இல்லை. முடியளவு மெல்லிய 42 கேஜ் கம்பி, ஒரு சுருளுக்கு ஏறத்தாழ 5,000 சுற்று என்பது பொதுவான கணக்கு. நடைமுறையில், பாபின் நிரம்பும்வரை சுற்றினார்கள் என்று லவரே பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஆகவே ஒரே பிக்கப்பின் இரு சுருள்களும்கூட எப்போதும் சமமாக அமையவில்லை. அலுமினியம், நிக்கல், கோபால்ட், இரும்பு ஆகியவற்றின் கலவையான ஆல்நிக்கோ காந்தத்தில் 2, 3, 4, 5 எனப் பல தரங்கள் உண்டு. கைக்கு எது கிடைத்ததோ அது பயன்பட்டது. இதன் விளைவாக, இன்று அளக்கப்படும் அசல் பி.ஏ.எஃப். பிக்கப்புகளின் மின்தடை ஏறத்தாழ 7 கிலோ ஓம் முதல் 9 கிலோ ஓம் வரை பரவிக் கிடக்கிறது. கறுப்பு பாபின் தட்டுப்பட்டபோது வெளிர்மஞ்சள் பாபினைக் கலந்தார்கள். அந்தப் பற்றாக்குறையின் அடையாளமான 'சீப்ரா' இன்று விலை உயர்த்தும் அழகு. உயரத்தைத் திருத்தும் திருகுகள்கூட லவரின் முதல் வடிவில் இல்லை. வாடிக்கையாளரிடம் எடுத்துப் பேச ஏதாவது வேண்டும் என்று விற்பனைப் பிரிவு கேட்டதால் சேர்ந்தவை அவை.

சுருள்கள் சமமில்லாதபோது இரைச்சல் முழுமையாக அழிவதில்லை. ஆனால் கூர்மையான உயரொலிகளும் முழுமையாக மழுங்குவதில்லை. இரைச்சலைப் போக்கும் கருவி தன் வேலையில் சற்றே தவறியதால் கிடைத்த தெளிவு அது. பிற்காலத்தார் தேடி அலைந்த மாயத்தின் ஒரு பகுதி இந்தத் தவறில் இருக்கிறது.

1950களின் இறுதியில் அந்தக் கிட்டார்கள் பெரிதாக விற்கவில்லை. 1961இல் லெஸ் பாலின் பழைய உடல் வடிவமே கைவிடப்பட்டது. நிலைமையை மாற்றியது இங்கிலாந்து. 1966இல் ஜான் மேயலின் குழுவோடு எரிக் கிளாப்டன் வாசித்த இசைத்தட்டில், பழைய லெஸ் பால் ஒன்று மார்ஷல் ஆம்ப்ளிஃபயரின் எல்லையைத் தாண்டி முழங்கியது. அதே குழுவில் அவருக்குப் பின் வந்த பீட்டர் கிரீனின் கிட்டாரில், கழுத்துப்புறப் பிக்கப்பின் காந்தம் தலைகீழாகத் திரும்பியிருந்தது. இரு பிக்கப்புகளையும் சேர்த்து ஒலிக்கவிட்டால் மூக்கடைத்தாற்போன்ற மெல்லிய ஒலி எழுந்தது. பழுது என்று சரிசெய்யப்பட்டிருக்க வேண்டிய அந்த ஒலியை இன்று வேண்டுமென்றே செய்து விற்கிறார்கள். கிப்சன் பழைய லெஸ் பால் வடிவத்தை 1968இல் மீண்டும் கொண்டுவந்தது. ஆனால் அதற்குள் பிக்கப் தயாரிப்பு சீராகிவிட்டது. பழையதன் ஒலி புதியதில் இல்லை என்ற முணுமுணுப்பும் தொடங்கிவிட்டது.

இந்த இடத்தில்தான் மாற்றுப் பிக்கப் என்னும் தொழில் பிறக்கிறது. ஆனால் அதன் முதல் நோக்கம் பழமையை மீட்பதன்று. நியூயார்க்கைச் சேர்ந்த லாரி டிமார்சியோ 1972இல் வெளியிட்ட பிக்கப்புக்கு 'சூப்பர் டிஸ்டார்ஷன்' என்று பெயர். வலிய செராமிக் காந்தம், மிகுதியான சுற்று, ஏறத்தாழ 13 கிலோ ஓமைத் தாண்டும் மின்தடை ஆகியன அதன் அடையாளம். அன்றைய ஆம்ப்ளிஃபயர்கள் பலவற்றில், ஒலியை உச்சத்துக்கு ஏற்றினாலன்றி வால்வுகள் திரிந்து முழங்கா. பிக்கப்பே வலிய மின்குறியை அனுப்பினால் முதல் வால்வே திணறும். குறைந்த ஒலியளவிலும் முழக்கம் கிடைக்கும். பொறியாளர் அகராதியில் டிஸ்டார்ஷன் என்பது களைய வேண்டிய குறை. லவர் ஒரு குறையைக் களையப் பிக்கப் செய்தார். பதினேழு ஆண்டுகளுக்குப் பின் வேறொரு குறை விற்பனைப் பெயராயிற்று.

ஏறத்தாழ அதே காலத்தில் இலண்டனில் பணியாற்றிய சீமோர் டங்கன், கிப்சனின் பழைய ஹம்பக்கர்களை மீளச் சுற்றி, ஃபெண்டர் டெலிகாஸ்டர் ஒன்றில் பொருத்தி ஜெஃப் பெக்கிடம் அளித்தார். அந்த முயற்சியின் வழிவந்ததே, பின்னர் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் அவர் தொடங்கிய நிறுவனத்தின் புகழ்பெற்ற 'ஜே.பி.' பிக்கப். அதன் மின்தடை 16 கிலோ ஓமைத் தாண்டும். ஆனால் இந்த எண்ணை எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். கம்பி மெலிந்தால், சுற்று கூடாமலே தடை கூடும். ஜே.பி.யில் இருப்பது 42 கேஜைவிட மெல்லிய கம்பி. பி.ஏ.எஃப். எனும் எழுத்துகளைப் போலவே கிலோ ஓம் என்ற எண்ணும் பொருளைச் சுட்டுமேயன்றி விவரிக்காது.

பழைய பிக்கப்பே கையில் இருந்தாலும் புதிய ஆம்ப்ளிஃபயரின் பேரொலியில் அது தாக்குப்பிடிக்கவில்லை என்பதற்கு எடி வான் ஹேலன் சான்று. தம் கிப்சன் இ.எஸ். 335 கிட்டாரிலிருந்து எடுத்த ஹம்பக்கரை வேறொரு உடலில் பொருத்திய அவர், அதனை உருகிய பாரஃபின் மெழுகில் தோய்த்தார். அசல் பி.ஏ.எஃப். சுருள்களில் மெழுகு இல்லை. உச்ச ஒலியில் தளர்ந்த கம்பிகளே அதிர்ந்து வீறிடும். மெழுகு அந்த அதிர்வை அடக்கியது. இன்று விற்கும் மாற்றுகளில் பெரும்பாலானவை மெழுகேற்றப்பட்டே வருகின்றன.

மீட்கும் ஆசை வலுப்பெற்றது இதற்குப் பின்னரே. 1980களின் தொடக்கத்தில் கிப்சனே தன் பழைய பிக்கப்பை மறுபடி செய்யும் பணியை டிம் ஷா என்ற பொறியாளரிடம் ஒப்படைத்தது. பின்னர் வந்த '57 கிளாசிக்' பிக்கப்பில் இரு சுருள்களும் சமம். 'பர்ஸ்ட்பக்கர்' பிக்கப்பில் அவை வேண்டுமென்றே சமமற்றவை. ஒரே நிறுவனம் தன் அசலுக்கு ஒன்றுக்கொன்று முரணான இரண்டு உரைகள் எழுதியது போன்றது இது. மூலமே பல பாடம் உடையதாதலால் இரண்டு உரைக்கும் இடமுண்டு. இதற்கிடையே பி.ஏ.எஃப். என்ற எழுத்துகளும், இரு பாபினும் வெளிர்மஞ்சளாகத் தெரியும் தோற்றமும் டிமார்சியோவின் வணிகக் குறிகளாகிவிட்டன. கலமசூவில் தற்செயலாக நேர்ந்த நிறமும் பெயரும் கலமசூவுக்கு உரியவையாக எஞ்சவில்லை.

லவர் இந்த வழிபாட்டில் எங்கே நின்றார்? 1967இல் அவர் கிப்சனை விட்டு ஃபெண்டரில் சேர்ந்தார். அங்கே அவர் செய்த 'வைட் ரேஞ்ச்' ஹம்பக்கரில் செம்பு, நிக்கல், இரும்பு கலந்த குனிஃபே காந்தத் திருகுகள் இருந்தன. 1970களின் டெலிகாஸ்டர்களில் அது இடம்பெற்றது. அதன் ஒலி பி.ஏ.எஃப். ஒலியைவிடத் தெளிந்தது, ஒளிர்வது. ஃபெண்டர் கிட்டார்களின் கூர்மை குன்றாமல் இரைச்சலை மட்டும் நீக்க வேண்டும் என்பது அங்கே எழுந்த தேவை. தம் பழைய படைப்பை அப்படியே படியெடுக்காமல், புதிய தேவைக்குப் புதிய விடை கண்டார் அவர்.

மாற்றுப் பிக்கப் தேடுவோருக்கு இந்த வரலாற்றின் பயன் இதுவே: ஒவ்வொரு பிக்கப்பும் தன் காலத்து ஆம்ப்ளிஃபயரோடும் அறையோடும் சேர்ந்து எழுந்த ஒரு தேவைக்கு விடை. சூப்பர் டிஸ்டார்ஷன் விடைசொன்ன தேவையை இன்று ஒரு சிறிய பெடலே தீர்த்துவிடும். திரிபு மிகுந்த இன்றைய ஆம்ப்ளிஃபயரோடு அத்தகைய வலிய பிக்கப் சேர்ந்தால் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிய பேச்சாகத் தந்திகள் குழம்பவும் கூடும். ஆதலால் தன் கிட்டாரில் குறைவது எது என்பதே முதற்கேள்வி. ஒலி மங்கலாக இருந்தால் சுற்றுக் குறைந்தது, மென்மையாக வேண்டுமென்றால் ஆல்நிக்கோ 2, இறுக்கமும் வலிவும் வேண்டுமென்றால் ஆல்நிக்கோ 5 அல்லது செராமிக், பேரொலியில் வீறிட்டால் மெழுகேற்றியது, ஒற்றைச் சுருள் ஒலியும் வேண்டுமென்றால் நான்கு கம்பி இணைப்புடையது. தந்தி இடைவெளியையும் அளக்க வேண்டும்: கிப்சன் வகைக்கு ஏறத்தாழ 50 மில்லிமீட்டர், ஃபெண்டர் வகைப் பிரிட்ஜுக்கு அதைவிடச் சற்று மிகுதி. இவற்றுக்கெல்லாம் முன்னர், செலவே இல்லாத ஒரு சோதனை உண்டு. பிக்கப்பின் உயரத்தை ஒரு திருப்புளியால் ஏற்றி இறக்கிக் கேட்பது. வால்யூம் பொட்டென்ஷியோமீட்டர் 500 கிலோ ஓமா 250 கிலோ ஓமா என்று பார்ப்பதும் அவ்வாறே. குறைந்த மதிப்புடையது உயரொலியை மேலும் மழுக்கும். நடுத்தர விலைக் கிட்டாரின் விலையில் கணிசமான பங்கை ஒரு சோடிப் பிக்கப் விழுங்கிவிடும் சூழலில் இந்த வரிசைமுறை முக்கியமானது.

கலமசூவில் பாபின் நிரம்பியதும் சுற்றுவதை நிறுத்திய தொழிலாளர்கள் எந்தப் பொன்னொலியையும் குறிவைத்துச் சுற்றவில்லை. அவர்கள் கையில் இருந்தவை அன்றைக்குக் கிடைத்த கம்பி, அன்றைக்குக் கிடைத்த காந்தம், அன்றைக்கு முடிக்க வேண்டிய கணக்கு ஆகியனவே. அவர்கள் ஒட்டிய ஸ்டிக்கரும் விண்ணப்பம் அனுப்பப்பட்டது என்பதற்குமேல் எதையும் வாக்களிக்கவில்லை.