மசூலாப் படகு

மசூலாப் படகு என்பது இந்தியாவின் கிழக்குக் கடற்கரையில் வழக்கிலிருந்த, ஆணியின்றிக் கயிற்றால் தைக்கப்பட்ட மரப்படகு ஆகும். துறைமுகம் இல்லாத காலத்துச் சென்னையில், தொலைவில் நங்கூரமிட்ட கப்பல்களுக்கும் கரைக்கும் இடையே பயணிகளையும் சரக்குகளையும் ஏற்றிச்செல்ல இதுவே பயன்பட்டது. இதற்குச் சலங்கு என்ற தமிழ்ப் பெயரும் உண்டு. மசூலா என்னும் பெயரின் மூலம் குறித்து ஒத்த கருத்து இல்லை. சிலர் அதனை மசூலிப்பட்டினத்தோடு தொடர்புபடுத்துவர்.

கரையின் தன்மை

சோழமண்டலக் கரை மணற்பாங்கானது. திறந்த கடலை நோக்கியது. கரைக்கு அருகே அலைகள் வரிசை வரிசையாக உடைகின்றன. அவற்றைக் கடந்து வரும் படகு மணலில் மோதியே நிற்கும். ஆணி அறைந்த விறைப்பான ஐரோப்பியப் படகுகள் அம்மோதலில் பிளந்துவிடும் அபாயம் மிகுதி. மசூலாப் படகின் உடல் நெகிழ்ந்து கொடுத்து அதிர்ச்சியைத் தாங்கியது. எனினும் படகு கவிழ்ந்து உயிரிழப்பு நேர்வதும் உண்டு. விழுந்தவர்களை மீட்பதற்காகக் கட்டுமரங்கள் உடன் செல்வது வழக்கம்.

அமைப்பு

பெரிய படகுகள் சுமார் 30 முதல் 35 அடி நீளமும் 10 அடி அகலமும் உடையவை. அடிப்பகுதி தட்டையானது. உட்புறம் விலாச்சட்டங்கள் கிடையா. குறுக்குச் சட்டங்கள் மட்டுமே இரு பக்கங்களையும் இணைக்கும். பலகைகளுக்கு மாமரம் பயன்பட்டது. துடுப்புகள் நீண்ட கழியின் நுனியில் பலகைத் துண்டு கட்டப்பட்டவை.

தையல் முறை

அடுத்தடுத்த இரு பலகைகளின் விளிம்புகளில் ஒன்றுக்கொன்று நேராகத் துளைகள் இடப்படும். பொருத்தின் மேல் தென்னை நார் அல்லது வைக்கோல் திணிப்பு நீளவாக்கில் வைக்கப்பட்டு, அதன்மேல் தென்னை நார்க் கயிறு குறுக்கும் நெடுக்குமாக இழுத்துத் தைக்கப்படும். நீரில் நனைந்த திணிப்பு உப்பிப் பொருத்தை அடைக்கும். ஆயினும் நீர்க்கசிவு முற்றிலும் நிற்பதில்லை. உள்ளே சேரும் நீரை இறைத்துக்கொண்டே இருத்தல் வேண்டும்.

பழுதுபார்த்தல்

தென்னை நார் உப்புநீரில் எளிதில் மட்குவதில்லை. ஆனால் உராய்வாலும் இழுவிசையாலும் கயிறு தேய்ந்து தளரும். ஆகவே தையலைப் புதுப்பித்தல் இப்படகின் வழக்கமான பராமரிப்பு ஆகும். பழைய கயிற்றை அறுத்தெடுத்துப் பலகைகளைப் பிரித்து, சிதைந்த பலகையை மட்டும் மாற்றி, மற்றவற்றை மீண்டும் தைக்கலாம். ஆணியைப் பிடுங்கும்போது மரம் பிளக்கும் இடர் இங்கு இல்லை.

ஆணியும் தையலும்

இரும்பு ஆணி கடல்நீரில் துருப்பிடித்துப் பருக்கும். அதைச் சுற்றியுள்ள மரமும் நலிவுறும். பின்னர் துளை பெரிதாகி ஆணி பிடிப்பை இழக்கும். மேலும் ஆணி தான் அறையப்பட்ட புள்ளியிலேயே சுமையைத் தாங்குகிறது. தையலோ அதனைப் பொருத்து முழுவதும் பகிர்ந்தளிக்கிறது. இக்காலப் பாய்ப்படகுகளில் பழைய இரும்புத் திருகாணிகளை நீக்கி வெண்கல அல்லது துருவேறா எஃகுத் திருகாணிகளை இடுவதும், அவற்றின் பின்னே அகன்ற தகடு வைப்பதும் இவ்விரு குறைகளையும் போக்கவே ஆகும்.

எனினும் தையல் எல்லாக் கடலுக்கும் ஏற்றதன்று. 13 ஆம் நூற்றாண்டில் பயணம் செய்த மார்க்கோ போலோ, பாரசீக வளைகுடாவின் ஓர்முசில் கண்ட தைத்த கப்பல்களை ஆபத்தானவை என்று குறிப்பிட்டார்.

வழக்கொழிதல்

சென்னைத் துறைமுகத்துக்கு 1875 இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1881 ஆம் ஆண்டுப் புயலில் அது பெரிதும் சேதமுற்றபோதும் பின்னர் கட்டி முடிக்கப்பட்டது. கப்பல்கள் நேரடியாகத் துறையை அணுகியதும் மசூலாப் படகின் தேவை குறைந்தது. ஆந்திர, ஒடிசாக் கரைகளில் இவ்வகைப் படகுகள் கரைவலை மீன்பிடிப்புக்கு 20 ஆம் நூற்றாண்டிலும் நீடித்தன. பின்னர் கண்ணாடியிழைப் படகுகள் பரவலாயின.

தையல் நுட்பத்தை மீட்கும் முயற்சியாக, அஜந்தா ஓவியம் ஒன்றை முன்மாதிரியாகக் கொண்டு கோவாவில் கட்டப்பட்ட கௌண்டின்யா என்னும் பாய்க்கப்பல் 2025 மே மாதத்தில் இந்தியக் கடற்படையில் சேர்க்கப்பட்டது.

இவற்றையும் பார்க்க

கட்டுமரம்
தோணி
பரிசல்