தம்பானூரிலிருந்து ஓர் ஊர்வலம்

தம்பானூர் என்றதும் ரயில் நிலையமும் பஸ் நிலையமும் ஓயாத ஜன நெரிசலுமே நம் நினைவுக்கு வருகின்றன. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் அன்பர்கள் பலரும் அங்கேதான் இறங்குகின்றனர். நாட்டை ஆள்பவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்ற கேள்வியுடன், 1938-ஆம் ஆண்டு அக்டோபர் 23-ஆம் நாள் ஒரு பெரும் ஊர்வலம் அங்கிருந்துதான் கவடியார் அரண்மனையை நோக்கிப் புறப்பட்டது.

அக்காலத் திருவிதாங்கூர் பின்தங்கிய சமஸ்தானமன்று. 1888-லேயே அங்குச் சட்டசபை தோன்றியது. 1936-இல் ஆலயங்களின் கதவுகள் இந்துக்கள் அனைவருக்கும் திறக்கப்பட்டன. மறு ஆண்டில் சர்வகலாசாலை ஏற்பட்டது. மகாராஜா சித்திரைத் திருநாளும், திவான் ஸர் சி. பி. ராமஸ்வாமி ஐயரும் இவற்றால் புகழ் பெற்றனர். பின் மக்களுக்கு என்ன குறை? திவான் மகாராஜாவுக்கு மட்டுமே பொறுப்பாளி. சட்டசபை பேசலாம், அவரை விலக்க அதனால் இயலாது. ஆலயக் கதவைத் திறந்த அதே அதிகாரம், சிறைக் கதவையும் தன் விருப்பப்படி மூடக்கூடியதாய் இருந்தது. ஆகவேதான் பொறுப்பாட்சி வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது.

1938 பிப்ரவரியில் பட்டம் தாணு பிள்ளை தலைமையில் ஸ்டேட் காங்கிரஸ் பிறந்தது. அரசாங்கம் அதனைத் தடை செய்தது. ஆகஸ்டு 31-இல் நெய்யாற்றின்கரையில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து உயிர்கள் பலியாயின. தலைவர்கள் ஒருவர்பின் ஒருவராகச் சிறை புகுந்தனர். பதினொருவர் சிறை சென்றபின் பன்னிரண்டாமவராகத் தலைமை ஏற்றவர், காஞ்சிரப்பள்ளியைச் சேர்ந்த 29 வயது ஆசிரியை அக்கம்மா செரியான்.

அவரே தம்பானூர் ஊர்வலத்தை நடத்திச் சென்றார். திரண்டவர்கள் இருபதினாயிரத்துக்கும் மேற்பட்டவர் என்பர். துருப்புகள் வழிமறித்தன, கர்னல் வாட்சன் சுடுமாறு ஆணையிட்டார். தலைவி தாமே என்றும், பிறரைச் சுடுமுன் தம்மைச் சுடுமாறும் அக்கம்மா கூற, ஆணை திரும்பப் பெறப்பட்டது. தடை நீங்கியது, தலைவர்கள் விடுதலையாயினர். காந்தியடிகள் அவரைத் திருவிதாங்கூரின் ஜான்ஸி ராணி என்று பாராட்டினார்.

எனினும் பொறுப்பாட்சி உடனே வந்துவிடவில்லை. 1946-இல் புன்னப்புரையிலும் வயலாரிலும் இரத்தம் சிந்தியது. 1947-இல் தனி நாடாக நிற்கப்போவதாகத் திவான் அறிவித்தார்; தம்மைத் தாக்கியவனின் வெட்டுக்குத் தப்பியபின் பதவி துறந்தார். சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்தது. 1948 மார்ச்சில் தாணு பிள்ளையின் மந்திரி சபை அமைந்தது. ஏழு மாதங்களுக்குள், தம் கட்சியினரின் நம்பிக்கையையே இழந்து அவர் விலக நேர்ந்தது!

இதனை வீழ்ச்சி என்று நினைப்போர் உண்டு. ஆனால், ஆப்பிரிக்காவின் கானாவை நோக்குவோம். குவாமே இன்க்ருமாவும் சிறையிலிருந்தபடியே 1951-இல் தேர்தலில் வென்றவர். 1957-இல் தம் நாட்டுக்குச் சுதந்திரம் பெற்றுத் தந்தவர். 1964-இல் அவர் ஒரே கட்சி ஆட்சியைச் சட்டமாக்கினார். மாற்று வழி அடைபட்ட அந்நாட்டில், 1966-இல் இராணுவம் அவரை அகற்றியது. பதவி இழந்த தாணு பிள்ளையோ, பின்னர்த் தேர்தல் வழியாகவே மீண்டும் முதல் மந்திரியானார்.

நல்ல தலைவர் வேண்டும் என்ற குரல் எந்நாட்டிலும் நியாயமானதே. அவரையும் அமைதியாக மாற்றும் உரிமை மக்களிடம் இருத்தல் வேண்டும். தம்பானூரில் திரண்டவர்கள் கேட்டது அந்த உரிமையைத்தான்.