கேஸ் ஷீட்டை ஆஸ்பத்திரி தர மறுக்கலாமா? 72 மணி நேர விதி சொல்வது என்ன?

ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பி ஒரு மாதம் ஆகியிருக்கும். இன்சூரன்ஸ் நிறுவனத்திடமிருந்து மெயில் வரும்: க்ளைமை முடிக்க 'இன்டோர் கேஸ் பேப்பர்' வேண்டும். ஆஸ்பத்திரியில் போய்க் கேட்டால், "அதெல்லாம் வெளிய தர மாட்டோம் சார், டிஸ்சார்ஜ் சம்மரியே போதும்" என்பார்கள். பலரும் அதை நம்பித் திரும்பிவிடுகிறார்கள். ஆனால் விதி அப்படி இல்லை.

இரண்டும் ஒன்றல்ல

டிஸ்சார்ஜ் சம்மரி என்பது ஓரிரு பக்கச் சுருக்கம். கேஸ் ஷீட்டில்தான் முழுக் கதையும் இருக்கும். டாக்டர் எப்போது வந்து பார்த்தார், எத்தனை மணிக்கு ஊசி போட்டார்கள், நர்ஸ் எழுதிய பிபி, காய்ச்சல் சார்ட், மயக்க மருந்துக் குறிப்பு, நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்புதல் படிவம் எல்லாமே அதில்தான்.

அட்மிஷன் போடும்போது கேட்கும் ஒரு கேள்வியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை: "சுகர் எவ்வளவு நாளா இருக்கு?" கூட இருப்பவர் பதற்றத்தில் "அஞ்சாறு வருஷம் இருக்கும்" என்று சொல்லிவிட்டால், அது அப்படியே பதிவாகும். பாலிசி எடுத்து 2 வருஷம்தான் ஆகிறது என்றால், நோயை மறைத்ததாகச் சொல்லி க்ளைமை நிராகரிக்க அந்த ஒரு வரியே காரணமாகலாம். என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

விதி என்ன சொல்கிறது?

இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002 நடத்தை விதிகளின்படி, உள்நோயாளியின் ஆவணங்களை சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டால், கோரிக்கையைப் பெற்றுக்கொண்டதாக ஒப்புகை தந்து 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். தர மறுப்பது டாக்டரின் தொழில்முறை ஒழுங்கீனம் என்றும் அதே விதிகள் சொல்கின்றன. 2023-ல் புதிய விதிகள் வந்தன. அதே ஆகஸ்ட் மாதத்திலேயே நிறுத்திவைக்கப்பட்டு, 2002 விதிகளே மீண்டும் நடைமுறைக்கு வந்தன.

3 ஆண்டு என்பது டிஸ்சார்ஜ் ஆன நாளிலிருந்து அல்ல, கவனிக்கவும். வழக்கு ஏதும் நிலுவையில் இல்லை என்றால் அதன் பிறகு ஃபைல் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

எப்படிக் கேட்பது?

கவுன்டரில் வாயால் கேட்டால் வாயாலேயே "இல்லை" என்று வரும். எழுத்தில் கொடுங்கள். நோயாளியின் பெயர், ஐ.பி. நம்பர், சேர்ந்த தேதி, டிஸ்சார்ஜ் தேதி, தேவையான ஆவணங்கள், இவ்வளவுதான் கடிதம். பெரிய ஆஸ்பத்திரிகளில் எம்.ஆர்.டி. எனப்படும் மருத்துவப் பதிவேட்டுப் பிரிவு இருக்கும், அங்கே கொடுத்து நகலில் சீலும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்ட். ஜெராக்ஸ் செலவு உங்களுடையது. நோயாளிக்காக வேறு ஒருவர் போனால் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம் அவசியம். சொந்தக்காரர் என்பதற்காக மட்டும் கேட்டவர்களிடம் எல்லாம் ஃபைலைத் தூக்கிக் கொடுக்கக் கூடாது, அது நோயாளியின் அந்தரங்கம்.

அப்படியும் தரவில்லையா? தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலில் டாக்டர் மீது புகார் கொடுக்கலாம். நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், ஆனால் பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும். அரசு ஆஸ்பத்திரி என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடும் வழியும் இருக்கிறது.

ஓ.பி. சீட்டு?

3 ஆண்டு விதி உள்நோயாளிகளுக்கு மட்டும்தான். தெருமுனை கிளினிக்கில் எழுதித் தரும் சீட்டுக்கு அது பொருந்தாது. 14 இலக்க 'ஆபா' எண் இருந்தால் எல்லாம் தானாக மொபைலுக்கு வந்துவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. அந்தத் திட்டத்தில் இணைந்த ஆஸ்பத்திரி, அந்த எண்ணோடு இணைத்த ரிப்போர்ட் மட்டுமே அதில் தெரியும். பழைய சீட்டுகளை நீங்களே போட்டோ எடுத்து, தேதி போட்டு வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.